அவள் பெயரைப் பறிப்பது யார்? ஐந்து அமானுஷ்ய நாவல்களில் எதை முதலில் எடுப்பது

“திகில் நாவல் வேண்டும். பேய் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆனால் நாயகி மாடிப்படியில் மெழுகுவத்தியோடு நின்று அலறுகிறவளாக மட்டும் இருக்கக் கூடாது. தான் யார் என்று அவளுக்கே சந்தேகம் வர வேண்டும்.” இப்படிக் கேட்டு வருகிறவர்கள் கடைசியில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஐந்துக்கு நடுவில்தான்: டாஃப்னே டு மோரியேயின் ‘ரெபெக்கா’, ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’, ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’, டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’, சில்வியா மொரேனோ-கார்சியாவின் ‘மெக்சிகன் காதிக்’. ஐந்துமே படிக்க வேண்டியவை. ஆனால் பொருந்தாத நேரத்தில் பொருந்தாததை எடுத்தால் ஐம்பதாம் பக்கத்தில் புத்தகக்குறியோடு அலமாரிக்குப் போய்விடும்.

தேர்வு தவறுவதற்கு முக்கியக் காரணம், எது அதிகம் பயமுறுத்தும் என்று பார்த்து எடுப்பது. இந்த வகை நாவலில் பயம் பேயிடமிருந்து வருவதில்லை, பெயரிடமிருந்து வருகிறது. ‘ரெபெக்கா’வில் கதை சொல்கிறவளுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது, புத்தகத்தின் தலைப்பு செத்துப்போனவளின் பெயர். ஹில் ஹவுஸில் நாயகியின் பெயர் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது, யார் எழுதியது என்று தெரியாது. ரீஸின் நாவலில் கணவன் மனைவிக்கு வேறு பெயர் வைத்துவிடுகிறான். மாரிசனிடம் கல்லறைக் கல்லில் செதுக்கிய ஒரே ஒரு சொல், ஒரு பெண்ணாக எழுந்து வீட்டு வாசலில் வந்து உட்காருகிறது. மெக்சிகோ நாவலில் பெயருக்கு ஆபத்தில்லை, உடம்பையும் கனவையும்தான் வேறு யாரோ கைப்பற்றப் பார்க்கிறார்கள். அவளை அவளிடமிருந்து பறிப்பது யார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

## எதை வைத்து எடைபோடுவது

பேய் எவ்வளவு நிஜம்? சிலருக்குப் பேய் இருக்கிறதா இல்லையா என்று கடைசியில் தெரிந்தாக வேண்டும். தெரியாமலே முடிந்தால் காசு வீண் என்று நினைப்பவர்கள் ஹில் ஹவுஸ் பக்கம் முதலில் போகக் கூடாது.

ஆங்கிலத்தின் கடினம். சொற்கள் கடினமா என்பது சின்னக் கேள்வி, அகராதி இருக்கிறது. பேசுவது யார், நடப்பது எந்த ஆண்டு என்று பிடிபடுகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. இந்த ஐந்தில் சுலபமான சொற்களால் எழுதப்பட்ட இரண்டுதான் மிகவும் கடினமானவை.

நேரம். மணிக்கு 25 பக்கம் என்று வைத்துக் கீழே கணக்கிட்டிருக்கிறது. ‘பிலவ்ட்’டுக்கு மட்டும் மணிக்கு 15. உங்கள் வேகம் வேறாக இருந்தாலும் விகிதம் மாறாது. பக்க எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் கூடும், குறையும்.

மறைவான செலவு. அட்டையில் எழுதாத செலவு. முன்பே படித்திருக்க வேண்டிய இன்னொரு புத்தகம், பொறுமை கேட்கும் தொடக்கம், மனத்தைப் பிசையும் காட்சிகள், கதையைக் கெடுக்கும் திரைப்படம் எல்லாம் இதில் அடங்கும்.

| நாவல் | ஆண்டு | பேய் | நாயகியைக் குலைப்பது | நேரம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| ரெபெக்கா | 1938 | இல்லை, ஆனால் இருப்பது போலவே | முதல் மனைவியின் நினைவு | 400 பக்கத்துக்கு மேல், 16–17 மணி | மெதுவான முதல் ஆறு அத்தியாயங்கள் |
| ஹில் ஹவுஸ் | 1959 | உண்டு, ஆனால் எங்கிருந்து என்று சொல்லாது | வீடும் தனிமையும் | சுமார் 240 பக்கம், 10 மணி | விளக்கம் கிடைக்காது |
| வைட் சர்காசோ சீ | 1966 | மாந்திரீகம், கனவு | கணவன், நிறம், சட்டம் | சுமார் 160 பக்கம், 7 மணி | ‘ஜேன் அயர்’ |
| பிலவ்ட் | 1987 | உடம்போடு வருகிறது | அடிமைமுறை, தாய்மை | சுமார் 320 பக்கம், 20 மணிக்கு மேல் | கலைந்த காலவரிசை, தாங்க முடியாத காட்சிகள் |
| மெக்சிகன் காதிக் | 2020 | காரணம் விளக்கப்படுகிறது | ஒரு குடும்பம், ஒரு வீடு | சுமார் 300 பக்கம், 12 மணி | பாலியல் அத்துமீறல், அருவருப்பு |

## ரெபெக்கா

பணக்காரச் சீமாட்டிக்குச் சம்பளத் தோழியாக மான்டி கார்லோவுக்கு வந்த ஓர் இளம்பெண், மனைவியை இழந்த மாக்சிம் டி வின்டரை மணந்து மாண்டர்லி மாளிகைக்குப் போகிறாள். அங்கே எல்லாம் முதல் மனைவி வைத்தது வைத்தபடியே இருக்கிறது. எழுதுமேசையில் சாய்ந்த எழுத்தில் அவள் கையெழுத்து, மழைக்கோட்டுப் பையில் அவள் கைக்குட்டை. வந்த புதிதில் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கிறது. திருமதி டி வின்டர் இருக்கிறாரா என்கிறது குரல். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்று பதில் சொல்லிவிடுகிறாள் நாயகி. கூப்பிட்டது தன்னைத்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைக்கிறது. நாவல் முழுதும் இந்த ஒரு நிமிடத்தின் விரிவுதான்.

மொழி நேரானது, காலவரிசையும் நேரானது. விதிவிலக்கு முதல் இரண்டு அத்தியாயங்கள். அவை கதை முடிந்த பிறகு நடப்பவை. முதல் வாசிப்பில் அவை வெறும் வர்ணனையாகத் தெரியும், மனம் தளர வேண்டாம். மாண்டர்லிக்கு வண்டி போய்ச் சேர்வதே ஏழாம் அத்தியாயத்தில்தான். “ஒன்றுமே நடக்கவில்லை” என்று பலர் மூடிவைக்கும் இடம் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. புத்தகத்தை முடித்ததும் முதல் இரண்டு அத்தியாயங்களுக்குத் திரும்புங்கள். அவளுக்கு என்ன மிஞ்சியது என்பது அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு செலவு கொஞ்சம் நுட்பமானது. கதைசொல்லியின் தோளோடு தோளாக நம்மை ஆசிரியர் நடத்திச் செல்வதால், பின்பாதியில் எதற்காகப் பதறுகிறோம் என்பதையே கவனிக்கத் தவறுவோம். முடித்தபின் யோசித்தால் சங்கடமாக இருக்கும். ஹிட்ச்காக்கின் 1940 படம் இந்தச் சங்கடத்தைத் துடைத்துவிட்டது. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்காகக் கதையின் ஆணிவேரான ஓர் உண்மையையே மாற்றியிருப்பார்கள். படம் பார்த்தாயிற்று, கதை தெரியும் என்று நாவலை ஒதுக்குவது அதனால்தான் தவறு.

பேய் வேண்டாம், பேய்க் கதையின் மூச்சுத்திணறல் மட்டும் வேண்டும் என்பவருக்கும், ஆங்கிலத்தில் பெரிய நாவல் முதல்முறை படிப்பவருக்கும் இது சரி. வேகம் வேண்டுபவருக்கு இல்லை.

## ஹில் ஹவுஸ்

எலினோர் வான்ஸுக்கு 32 வயது. நோயாளித் தாயைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவள். தாய் போய்விட்டாள். இருப்பதற்குச் சொந்தமாக ஓர் அறைகூட இல்லை, அக்காவோடு பங்கு போட்ட ஒரு கார்தான் உண்டு. அமானுஷ்ய ஆராய்ச்சிக்காக முனைவர் மான்டேக் எழுதிய அழைப்புக் கடிதம் வந்ததும், அக்காவுக்குத் தெரியாமல் அந்தக் காரை எடுத்துக்கொண்டு ஹில் ஹவுஸுக்குக் கிளம்பிவிடுகிறாள்.

இந்த நாவலின் உயிர் வீட்டில் இல்லை, வீட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பேய் எப்போது வரும் என்று முதல் அத்தியாயத்தைத் தாண்டித் தாண்டிப் படிப்பவர்கள் மொத்தத்தையும் கோட்டைவிடுகிறார்கள். வழியில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு கல் சிங்கங்களைப் பார்க்கிறாள் எலினோர், அங்கே தான் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை ஓடுகிறது. ஓர் உணவகத்தில் ஒரு சிறுமி, உள்ளே நட்சத்திரங்கள் தெரியும் தன்னுடைய கோப்பை இல்லாமல் பால் குடிக்க மறுக்கிறாள். விட்டுக்கொடுக்காதே என்று மனத்துக்குள் அவளிடம் சொல்கிறாள் எலினோர். பிறகு ஹில் ஹவுஸில் தியோடோரா என்ற பெண் உன் வீடு எப்படி என்று கேட்கும்போது, கல் சிங்கங்கள், நட்சத்திரக் கோப்பை என்று வழியில் பொறுக்கியதையெல்லாம் சேர்த்து ஒரு வீட்டைக் கட்டிச் சொல்கிறாள். தனக்கென ஒரு ‘நான்’ இல்லாதவள் சாலையோரத்தில் கிடைத்ததை வைத்து ஒன்றைச் செய்துகொள்கிறாள். அப்படிப்பட்டவளைத்தான் ஒரு வீடு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. சுவரில் அவளை வீட்டுக்கு வரச்சொல்லும் எழுத்தைப் பார்த்து மற்றவர்களுக்கு வருவது பயம் மட்டும். அவளுக்குப் பயத்தோடு இன்னொன்றும் வருகிறது: யாரோ தன்னைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்ற கிளர்ச்சி.

வாக்கியங்கள் சுத்தமானவை, ஆனால் வழுக்கும். கதை படர்க்கையில் நடந்தாலும் எலினோரின் தலைக்குள்ளிருந்தே ஓடுவதால், நடந்தது எது, அவள் நினைத்தது எது என்ற கோடு பாதிக்குமேல் அழிந்துவிடும். குழப்பம் வரும் இடத்தில் நின்று, இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். விடை சில இடங்களில் ஆம், சில இடங்களில் இல்லை. அந்தக் கலப்பு வேண்டுமென்றே செய்தது. கடைசிக்குச் சற்று முன்னால் மான்டேக்கின் மனைவி வந்து நகைச்சுவை காட்டுவார். சுருதி தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம், அவர் வந்தபிறகு எலினோரின் தனிமை இன்னும் பச்சையாகத் தெரியும்.

2018இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் பெயர்களையும் வீட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு குடும்பக் கதை சொல்கிறது. அதில் அழுதவர்கள் நாவலில் அந்தக் குடும்பத்தைத் தேடி ஏமாறுவார்கள். நாவலில் தற்கொலை எண்ணத்தின் நிழல் உண்டு. மனம் சோர்ந்திருக்கும் நாட்களில், அதுவும் தனியாக வசிப்பவர்கள், இதைத் தள்ளிப்போடலாம்.

ஒரு கூடுதல் வசதி: இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஜாக்சன் மறைந்தது 1965இல், எனவே இங்கே அது 2025 டிசம்பர் வரைதான். அமெரிக்காவில் இன்னும் பல காலம் உண்டு. டு மோரியே (1989), ரீஸ் (1979), மாரிசன் (2019) ஆகியோருக்கு அந்தப் பேச்சே இல்லை.

## வைட் சர்காசோ சீ

160 பக்கம்தானே என்று இதை முதலில் எடுப்பவர்கள் நிறைய. ஐந்தில் மிக ஏமாற்றும் எண்ணிக்கை இதுதான். சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலில் மாடியறையில் பூட்டிவைக்கப்பட்ட பைத்தியக்கார மனைவி ஒருத்தி உண்டு. பேசவே இடம் தரப்படாத அவளை டொமினிக்காத் தீவில் பிறந்த ரீஸ் எடுத்துப் பேசவிட்டதுதான் இந்தப் புத்தகம். அது தெரியாவிட்டால் மூன்றாம் பாகம் காற்றில் தொங்கும்.

‘ஜேன் அயர்’ 38 அத்தியாயங்கள். முழுதும் படிக்க நேரமில்லையா? நாயகி ஜேன் அந்த மாடியறை உள்ள தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு வரும் 11ஆம் அத்தியாயத்திலிருந்து, பூட்டப்பட்டவளின் கணவன் ராச்செஸ்டர் தன் தரப்பைச் சொல்லும் 27 வரை படியுங்கள். பிறகு 36ஐ மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிராண்டியின் ரசிகர்கள் மன்னிக்க மாட்டார்கள், ஆனால் ரீஸைப் படிக்க இது போதும். பதிப்புரிமை இல்லாத நூல் என்பதால் மின்னூலாக இலவசமாகவே கிடைக்கும்.

ஜமைக்காவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் நொடித்துப்போன வெள்ளைத் தோட்டக்காரர் குடும்பத்துப் பெண் ஆன்ட்வானெட். ஊர்க் கறுப்பர்களுக்கு அவள் ‘வெள்ளைக் கரப்பான்’, இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களுக்கு அவள் சரியான வெள்ளைக்காரியும் அல்ல. காஸ்வே என்று பிறந்து, அம்மாவின் மறுமணத்தால் மேசன் ஆகி, கணவனால் பெர்த்தா ஆக்கப்படுகிறாள். சொத்து கணவன் கைக்குப் போகும்போது பெயரும் கூடவே போகிறது. கடைசியில் அடைக்கப்படும் அறையில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட இல்லை. ஒபியா என்ற கரீபிய மாந்திரீகம் கதையில் வருகிறது. ஆனால் மிகப் பெரிய மாந்திரீகம் பெயரை மாற்றிக் கூப்பிடுவதுதான் என்பது போகப்போகப் புரியும். கணவனுக்கு ரீஸ் பெயரே கொடுக்கவில்லை. அது அவர் தீர்த்துக்கொண்ட கணக்கு.

சொற்கள் எளிது, பேசுகிறவர் மாறுவதுதான் சிக்கல். முதல் பாகம் அவள் குரல். இரண்டாம் பாகம் பெரும்பாலும் கணவனின் குரல், நடுவில் அறிவிப்பில்லாமல் அவள் குரலுக்குத் தாவித் திரும்பும். ‘நான்’ யார் என்ற சந்தேகம் வாசகருக்கும் தொற்றிக்கொள்ளும். கிரிஸ்டோஃபின் என்ற பணிப்பெண்ணிடம் உதவி கேட்டுப் போவது யார் என்று கவனித்தால் தாவல் எங்கே என்று தெரிந்துவிடும்.

‘ஜேன் அயர்’ ஏற்கெனவே படித்தவருக்கு இதைவிடச் சிறந்த தேர்வு இந்த ஐந்தில் இல்லை. படிக்காதவருக்கு இது ஏழு மணி நேரப் புத்தகமே அல்ல.

## பிலவ்ட்

1873, ஓஹையோவின் சின்சினாட்டி. அடிமைமுறை சட்டப்படி முடிந்துவிட்டது. 124 என்ற எண்ணுள்ள வீட்டில் சேத்தேயும் மகள் டென்வரும், கூடவே இறந்துபோன ஒரு குழந்தையின் கோபமும். அந்தக் குழந்தை கழுத்தறுபட்டு இறந்தது என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். எப்படி, ஏன் என்பதற்குத்தான் பாதி நாவல் பிடிக்கும். மூன்று பாகங்களும் அந்த வீட்டு எண்ணோடுதான் தொடங்குகின்றன. 1, 2, 4 என்ற வரிசையில் மூன்று இல்லை. சேத்தேயின் நான்கு பிள்ளைகளில் இல்லாமல் போனதும் மூன்றாவதுதான்.

பெயர் பறிபோவதைப் பற்றி இவ்வளவு கறாராக எழுதிய நாவல் வேறொன்று சொல்வது கடினம். ஒரே பண்ணையில் பால் ஏ, பால் டி, பால் எஃப் என்று சரக்கு மூட்டைக்கு அடையாளம் போட்டதுபோல மூன்று சகோதரர்கள். சேத்தேயின் மாமியார் பேபி சக்ஸின் விற்பனைச் சீட்டில் ஜென்னி விட்லோ என்றிருக்கிறது. அது யார் பெயர் என்று அவளுக்கே தெரியாது. மற்ற நான்கு நாவல்களிலும் ஒருத்தியின் ‘நான்’ கலைகிறது. இங்கே அந்த ‘நான்’ இருக்க முதலிலேயே அனுமதிக்கப்படவில்லை.

செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலியல் வன்முறை, சித்திரவதை, குழந்தையின் மரணம் எல்லாம் நேராகவே வருகின்றன. கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த ஆண்டு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்தால் இழப்பில்லை. அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. 1873க்கும் அதற்கு 18 வருடம் முந்தைய கென்டக்கிப் பண்ணைக்கும் ஒரே பத்தியில் கதை தாவும். முதல் 40 பக்கம் பிடிபடாது, பிடிபடக் கூடாது என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு துண்டுத்தாளில் நடுவே கோடு போட்டு, கென்டக்கி ஆட்கள் ஒரு பக்கம், ஓஹையோ ஆட்கள் ஒரு பக்கம் என்று பெயர் குறித்துக்கொண்டால் நூறாம் பக்கத்துக்குள் தாளே தேவைப்படாது. இரண்டாம் பாகத்தில் நிறுத்தற்குறியே இல்லாத ஓர் அத்தியாயம் வரும். அதைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். மாரிசனே தன் குரலில் படித்த ஒலிநூலும் இருக்கிறது.

இதற்கு விதையாக இருந்தது மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் 1856ஆம் ஆண்டு வழக்கு. அதை நாவலை முடித்தபிறகு தேடிப் பாருங்கள்.

## மெக்சிகன் காதிக்

1950. மெக்சிகோ நகரத்து நாகரிகப் பெண் நொயெமி, புதிதாக மணமாகி மனம் பேதலித்ததாகச் சொல்லப்படும் உறவுக்காரப் பெண்ணைப் பார்க்க மலைமேல் இருக்கும் ஓர் ஆங்கிலேயச் சுரங்கக் குடும்பத்தின் மாளிகைக்குப் போகிறாள். சுவரில் பூஞ்சை, இரவில் தூக்கத்தில் நடப்பது, இனத் தூய்மை பற்றி உணவு மேசையில் விரிவுரை செய்யும் கிழவர். கதை நடப்பது இடாள்கோ மாநிலத்தில். அங்கே ரியல் டெல் மோன்டே என்ற ஊரில் வெள்ளிச் சுரங்கத்துக்காக இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஆங்கிலேயர்கள் வந்து குடியேறியது உண்மை. அவர்கள் கொண்டுவந்த இறைச்சிப் பணியாரம் ‘பாஸ்தே’ என்ற பெயரில் அங்கே இன்றும் விற்கிறது. மாண்டர்லியும் கார்ன்வாலில்தான், இது தற்செயல் என்று தோன்றவில்லை.

படிக்க எளிது, பின்பாதி ஒரே மூச்சில் ஓடும். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லப்படும். அடையாளக் கேள்வி ஐந்தில் இங்கேதான் மெலிந்தது: நொயெமிக்குத் தன்மேல் நம்பிக்கை அதிகம், சந்தேகம் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடுகிறது. பூஞ்சை, அழுகல், பாலியல் அத்துமீறல் ஆகியவை ஒத்துக்கொள்ளாதவர்கள் விலகலாம்.

## எந்த நிலைமைக்கு எது

இந்த வகையே உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை என்றால் ஐந்தில் எதையும் வாங்க வேண்டாம். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892) என்ற சிறுகதை சுமார் 6,000 சொற்கள், இலவசம், ஒரு மணி நேரம் போதும். ஓய்வெடுக்கச் சொல்லி மருத்துவக் கணவன் அறையில் வைத்திருக்கும் ஒருத்தி, சுவர்த்தாளின் கோலத்துக்குள் ஒரு பெண்ணைப் பார்க்கத் தொடங்குகிறாள். முடிவு பிடித்திருந்தால் ஹில் ஹவுஸுக்குப் போங்கள். கணவன்மேல் கோபம் வந்தால் ரீஸ். சுவர்த்தாளுக்குள் உண்மையில் என்னதான் இருந்தது என்று எரிச்சல் வந்தால் மெக்சிகோ.

ஒரு வாரம் விடுமுறை, தொடர்ந்து படிக்க முடியும் என்றால் ‘ரெபெக்கா’. தினம் அரைமணி நேரம் பேருந்தில் படிப்பவருக்கு ‘மெக்சிகன் காதிக்’ ஒத்துவரும், ‘பிலவ்ட்’ ஒத்துவராது. அது ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு மணி நேரம் கேட்கும். வாசகர் வட்டத்தில் விவாதிக்க ஒரே ஒரு புத்தகம் என்றால் ஹில் ஹவுஸ்தான், ஆளுக்கொரு முடிவோடு வருவார்கள். ஐந்தையும் படிப்பதாக முடிவு செய்திருந்தால் ரெபெக்கா, ஹில் ஹவுஸ், ஜேன் அயர், சர்காசோ, பிலவ்ட் என்று போய், இடையில் எங்கே களைக்கிறதோ அங்கே மெக்சிகோவைச் செருகுங்கள்.

இலவசம், சின்னது என்று ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வில் (1898) தொடங்குவது ஒரு பொறி. பெயரில்லாத ஆசிரியை, பேய் இருக்கிறதா இல்லையா என்ற அதே கேள்வி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் எழுவாய் மறந்துவிடும்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ‘ரெபெக்கா’வுக்கும் ‘ஜேன் அயரு’க்கும் மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்புகள் அசல் மாதிரியே அட்டையோடு கிடைக்கின்றன. முன்னதில் 27, பின்னதில் 38 அத்தியாயங்கள் இல்லாவிட்டால் அது சுருக்கம். செவ்வியல் வரிசைப் பதிப்புகளின் முன்னுரைகள் முடிவை முதல் பக்கத்திலேயே உடைத்துவிடும் வழக்கமுள்ளவை. அவற்றைப் பின்னுரையாக நினைத்துக் கடைசியில் படியுங்கள்.